மணிமேகலை பூண்ட வேற்றுருவும் தொண்டின் எல்லையும்

மணிமேகலைக் காப்பியத்தைப் பற்றி மேடையிலும் வகுப்பறையிலும் பேசுவோர் பெரும்பாலும் அமுதசுரபியோடு நின்றுவிடுகின்றனர். பசிப்பிணி தீர்த்த பாவை, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கிய செல்வி, தமிழுலகம் கண்ட முதற் சமூகத் தொண்டர் என்று அடுக்கிக் கூறிக் கைதட்டலுக்கிடையே அமர்ந்துவிடுகின்றனர். அவர்கள் கூறுவன பொய்யல்ல. ஆயினும், சோறு வழங்கப்பெற்ற அதே அம்பலத்தில் ஓர் இளைஞன் நள்ளிரவில் வாளால் வெட்டுண்டு கிடந்தான் என்பதையும் சீத்தலைச் சாத்தனாரே பாடியிருக்கின்றார். அந்த வாளுக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர் மிகச் சிலர். உதயகுமரன் தகாத காதல் கொண்டான், அழிந்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடுவதே வழக்கமாக உள்ளது. முப்பது காதைகளுள் ஏறத்தாழ நான்கு காதைகளைப் புலவர் இந்நிகழ்ச்சிக்கும் அதன் விளைவுக்கும் ஒதுக்கியிருக்க, படிப்போர் ஒரு வரியில் கடந்து செல்வது முறையாகாது.

இக்காலத்தில் இக்கேள்விக்குப் புதியதொரு பொருள் உண்டாகியிருக்கின்றது. தொண்டு இன்று ஒரு தொழிலாகவும் கல்வியாகவும் வளர்ந்துள்ளது. சிங்கப்பூரில் போருக்குப் பின் 1946-ஆம் ஆண்டில் சமூகநல இலாகா தோன்றியபோது, அதன் முதற் கவலை சோறாகவே இருந்தது. குறைந்த விலையில் உணவளிக்கும் மக்கள் உணவகங்களை அது அவ்வாண்டிலேயே திறந்தது. சில ஆண்டுகள் கழித்து, 1952-இல், அந்நாளில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகம் சமூகப் பணிக்குப் பயிற்சி வகுப்புத் தொடங்கியது. அப்போது எழுந்த கேள்விகள் வேறு. சோறு எங்கிருந்து வரும் என்பதோடு, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே எத்தகைய உறவு இருத்தல் வேண்டும் என்பதும் பாடமாயிற்று. பீஸ்டெக் என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1957-இல் வெளியிட்ட நூல் இவ்வுறவையே பொருளாகக் கொண்டது. உதவி நாடி வருபவரின் உணர்ச்சியில் பணியாளர் பங்குகொள்ள வேண்டும், ஆனால் அப்பங்கு அளவோடும் நோக்கத்தோடும் அமைய வேண்டும் என்பது அவர் வகுத்த ஏழு நெறிகளுள் ஒன்று. அமெரிக்கச் சமூகப் பணியாளர் சங்கம் 1960-இல் தன் முதல் ஒழுக்க விதிகளை வகுத்தது. அதே சங்கம் 1996-இல் திருத்தி அமைத்த விதிகள், ஒருவரிடமே பணியாளராகவும் வேறு உறவினராகவும் இருக்கும் இரட்டை உறவைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தன.

இவற்றையெல்லாம் கேட்கும் தமிழர் பலர் முகம் சுளிப்பதுண்டு. வீட்டுக்கு வந்து துயர் கேட்பவர் ஒரு தம்ளர் தேநீர் குடிக்க மறுக்கின்றாரே, மகள் திருமணத்துக்கு அழைத்தால் வர மறுக்கின்றாரே, இது என்ன தொண்டு என்று அவர்கள் கேட்பர். எல்லை என்பது மேனாட்டார் சரக்கு, நம்மவர் அன்புக்கு வேலி கிடையாது என்பது அவர்தம் எண்ணம். திருவள்ளுவர் அவ்வாறு எண்ணியதாகத் தெரியவில்லை. கண்ணோட்டத்தைப் போற்றிய அதே அதிகாரத்தில், மேற்கொண்ட கருமம் கெடாதவாறு கண்ணோட வல்லவரையே அவர் உயர்த்திப் பேசுகின்றார். உலகுக்கு உதவுவதைக் கூறும் அதிகாரத்துக்கும் ஒப்புரவு என்று மட்டும் பெயரிடாமல் ஒப்புரவறிதல் என்றே பெயர் அமைந்துள்ளது. அறிதல் என்னும் அச்சொல் அங்கே வெறுமனே நிற்கவில்லை. சாத்தனாரோ இதனை விதியாகக் கூறாமல் கதையாகக் காட்டினார். அவர் காட்டியதை அமுதசுரபியின் ஒளியில் கண் கூசிப்போன படிப்பாளர் காணாது விட்டனர்.

பாத்திரத்தின் பழைய வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். ஆபுத்திரன் மதுரையில் கலைநியமத்தில் தங்கி, பிச்சை ஏற்று, குருடரும் முடவரும் பேணுவார் அற்றவரும் உண்டபின் எஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்தவன். சிந்தாதேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை அளித்தாள். பின்னர் இந்திரன் வந்து வரம் தருவதாகக் கூற, அவன் நகைத்து மறுத்தான். உண்பவரின் மலர்ந்த முகம் காண்பதே தனக்குப் போதும் என்பது அவன் விடையின் சாரம். பலரும் பாராட்டும் இடம் இது. ஆனால், சாத்தனார் அடுத்துச் செய்வதைக் கவனித்தல் வேண்டும். இந்திரன் அவனைத் தண்டிக்க நோயையோ வறுமையையோ அனுப்பவில்லை. மழையை அனுப்பினான். பாண்டி நாடு செழித்தது. பசித்தவர் ஒழிந்தனர்.

நாட்டில் பசி ஒழிந்தால் பசி தீர்ப்பவன் மகிழ்தல் வேண்டும் அன்றோ? ஆபுத்திரன் மகிழவில்லை. அம்பலம் வெறிச்சோடியது. உண்பார் உளரோ, உண்பார் உளரோ என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தான். கண்டோர் அவனை எள்ளி நகையாடினர். செல்வம் இழந்த வணிகனைப்போல் அவன் தனியே அலைந்தான். காப்பியம் முழுவதிலும் இத்தனை கூர்மையான எள்ளல் வேறெங்கும் இல்லை எனலாம். அருளாளன் ஒருவனின் உள்ளே இருந்த மற்றொரு பசியைப் புலவர் இங்கே வெளியே எடுத்துக் காட்டிவிட்டார். பிறர் பசி தீர்வதால் இவன் பசி தீர்ந்தது. பிறர் பசி ஒழியவே இவன் பட்டினியானான். தேவைப்படுதல் என்னும் பசி அது. தொண்டு செய்வோர் தம்மிடம் உள்ளதாக ஒப்புக்கொள்ள மிகவும் தயங்கும் பசியும் அதுவே. தன்னிடம் ஆண்டுக்கணக்கில் வந்த குடும்பம் ஒன்று இனி உங்கள் துணை வேண்டா என்று கூறும் நாளில், நெஞ்சின் ஓரத்தில் மெல்லிய வருத்தம் கொள்ளாத பணியாளர் அரியர். அந்த வருத்தம் குற்றமன்று. அதனைத் தணித்துக்கொள்வதற்காகவே அக்குடும்பத்தை மீண்டும் மீண்டும் சென்று காண்பதுதான் குற்றமாகின்றது.

ஆபுத்திரனைச் சாத்தனார் அவ்வளவில் விட்டுவிடவில்லை. சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று மரக்கலத்தார் கூறக் கேட்டு அவன் கடல் ஏறினான். தேவையுள்ள இடத்தைத் தேடிப் புறப்பட்டது சிறப்பே. வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. பல்லுயிர் காக்கும் பாத்திரத்தால் தன்னுயிர் ஒன்றை மட்டும் காத்துக்கொள்ள அவன் உடன்படவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மேலே தோன்றி, அருளறம் பூண்டோர் எவரேனும் வரின் அவர் கைக்குச் சேர்க என்று கூறிக் கோமுகிப் பொய்கையில் அதனை விட்டான். தானே உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான். பாத்திரம் தன் உடைமை அன்று என்னும் தெளிவை அவன் இறுதியில்தான் பெற்றான். அறிந்தபின் அவனிடம் அது இல்லை. அவன் மறுபிறவியில் அரசாண்ட இடமும் சாவகமே ஆதலின், இத்தீவுகளில் வாழும் தமிழருக்கு ஆபுத்திரன் அயலான் அல்லன்.

இனி மணிமேகலை கையில் அப்பாத்திரம் வந்த பின் நிகழ்ந்தவை. ஆதிரை இட்ட முதற் பிச்சையைப் பெற்று, அவள் முதன்முதற் பசி தீர்த்தது காயசண்டிகையை. இவள் விஞ்சையர் மகள். பொதியில் அருகே முனிவன் ஒருவன் பன்னீராண்டுக்கு ஒருமுறை உண்பதற்கு வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்து, யானைத்தீ என்னும் தீராப் பசிக்குச் சாபம் பெற்றவள். எவ்வளவு உண்டும் அடங்காத அப்பசி, மணிமேகலை இட்ட ஒரு பிடி சோற்றில் அடங்கியது. அடங்கியதும் அவள் செய்தது என்ன? தன் கதையைக் கூறினாள். பசித்தோர் பலர் கூடும் உலக அறவியைச் சுட்டிக் காட்டி, அங்குச் செல்க என்றாள். தன் ஊருக்குப் புறப்பட்டுவிட்டாள். அவளை நிறுத்தி வைக்க மணிமேகலை முயலவில்லை. நன்றிக் கடனும் கேட்கவில்லை. ஆபுத்திரன் கற்க ஓர் ஆயுள் ஆனதை மணிமேகலை முதல் நாளிலேயே எளிதாகச் செய்துவிட்டாள் என்று தோன்றும். துணை பெற்றவரே அடுத்த துணைக்கு வழிகாட்டி ஆவது இக்காலத்துப் பணியாளரும் விரும்பும் முடிவன்றோ!

சிக்கல் இதற்குப் பின்னரே வருகின்றது. புறப்பட்டுப் போன அந்தப் பெண்ணின் முகத்தை மணிமேகலை எடுத்துக்கொண்டாள்.

இதன் காரணத்தை அறிய உதயகுமரன் பக்கம் திரும்ப வேண்டும். உவவனத்தில் பளிக்கறையினுள் அவள் ஒளிந்திருக்க, அவன் வந்து சுதமதியோடு பேசிச் சென்றான். அவன் சென்றபின் மணிமேகலை தன் தோழியிடம் கூறியது காப்பியத்தின் மிக நேர்மையான சொற்களுள் ஒன்று. குலத்தைச் சுட்டித் தன்னை இழிவாக மதித்தவன் என்று அறிந்தும், அந்தப் புதியவன் பின்னே தன் நெஞ்சு போயிற்று என்றாள். காமத்தின் இயல்பு இதுவாயின் அதன் ஆற்றல் கெடுக என்றும் கூறினாள். பின்னர் மணிபல்லவத்தில், முற்பிறப்பில் அவன் தன் கணவன் இராகுலன் என்பதையும் அறிந்தாள். ஆகவே உலக அறவியில் உதயகுமரன் அவள்முன் வந்து நின்றபோது அவளுக்கு அவன் மூவகையில் உறவினன். அரசன் மகன், நெஞ்சு சென்ற இடம், பழம்பிறவிக் கணவன். இம்மூன்றையும் கடந்து, அவனுக்கு அறம் உரைத்துத் திருத்த வேண்டிய நான்காம் கடமையையும் அவள் மேற்கொண்டாள்.

அவள் முதலில் அவனை வணங்கினாள். பழைய கணவனை வணங்குதல் தவறன்று என்பது அவள் நினைவு. அந்நினைவு அவளிடம் மட்டுமே இருந்தது. அவனுக்கு முற்பிறப்பு தெரியாது, அவளும் கூறவில்லை. தன்னை விரும்பி வந்தவன் முன் ஒரு பெண் தலைதாழ்த்தினால் அவன் அதனை என்னவென்று கொள்வான்? உடம்பின் நிலையாமையைப் பற்றி அவள் கூறிய உயர்ந்த உரை அனைத்தும், அந்த ஒரு வணக்கத்துக்குப் பின் வந்தது. ஒருவரின் வரலாற்றை மற்றவர் முழுதும் அறிந்திருக்க, உரியவர் அறியாதிருக்கும் நிலை இக்காலத்தும் உண்டு. பணியாளரின் மேசையில் கோப்பு இருக்கும். எதிரே இருப்பவர் அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று அறியார். அறிந்தவரின் சிறு சைகையும் அறியாதவருக்குப் பேருரை ஆகிவிடும்.

உரையை முடித்தவள் சம்பாபதி கோயிலுட் புகுந்து, மந்திரத்தால் காயசண்டிகை வடிவு கொண்டு வெளிவந்தாள். கையில் பாத்திரம் இருந்தது. உதயகுமரன் உள்ளே தேடிக் காணாது திகைத்தான். மணிமேகலை பாத்திரத்தை இவளிடம் கொடுத்துவிட்டு எங்கோ மறைந்தாள் என்று எண்ணினான். அவளைப் பெறாது பெயரேன் என்று வஞ்சினமும் கூறினான். வேற்றுரு அவன் வேட்கையைத் தணிக்கவில்லை. தேடலாக மாற்றிப் பெருக்கியது. அவன் அன்று பெற்றது மறுப்பு அன்று. புதிர்.

அவ்வடிவிலேயே அவள் சிறைக்கோட்டம் சென்று கைதிகளின் பசி தீர்த்தாள். செய்தி அரசனுக்கு எட்டியது. அரசன் யாரென வினவ, விஞ்சை மகள் என்றே அவள் விடை கூறினாள். என்ன வேண்டும் என்றபோது, சிறையை அழித்து அறவோர் வாழும் கோட்டம் ஆக்குக என்றாள். தனக்கென ஒன்றும் கேட்கவில்லை. தமிழில் இதனினும் உயர்ந்த வேண்டுகோள் அரிது. அதனாலேயே மேடைப் பேச்சாளர் இங்கு நின்றுவிடுகின்றனர் போலும். ஆனால் அவ்வேண்டுகோள் வேறொரு பெண்ணின் பெயரால் செய்யப்பட்டது. அரசன் அறிந்ததும் ஊர் அறிந்ததும் காயசண்டிகையை. அந்தப் பெயருக்கு உரியவளோ, விந்த மலைக்கு மேல் வான்வழியே சென்றபோது அதனைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றுட் புகுந்துவிட்டாள். அவள் இறந்ததை அறிந்தவர் புகாரில் எவரும் இல்லை. அவள் உயிரோடு அம்பலத்தில் சோறிடுகின்றாள் என்றே அனைவரும் நம்பினர்.

நம்பியவருள் அவள் கணவன் காஞ்சனனும் ஒருவன். பன்னீராண்டு நிறைந்தும் மனைவி மீளாமையால் தேடி வந்தவன், அவளைச் சோறிடும் நிலையில் கண்டு உவந்து, பழைய அன்பெல்லாம் எடுத்துப் பேசினான். மணிமேகலை அவனை ஏறிட்டும் பாராமல் உதயகுமரன் இருந்த பக்கம் சென்றாள். நரைத்துத் தளர்ந்த மூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக் காட்டி, இளமையின் அழிவை விளக்கலானாள். இங்கே படிப்பவர் சற்று நின்று காஞ்சனனின் கண்ணால் காண வேண்டும். பன்னீராண்டு காத்திருந்த கணவனைப் பொருட்படுத்தாது, அழகிய அரசிளங்குமரன் அருகே சென்று மனைவி நெடுநேரம் பேசுகின்றாள். அவள் பேசுவது நிலையாமை என்று அவனுக்கு எவர் கூறுவர்? அவன் புற்றில் அடங்கிய பாம்புபோல் ஒளிந்திருந்தான். உதயகுமரனுக்கோ வேறு ஐயம். இவள் மணிமேகலையாகவே இருத்தல் கூடும், இந்த அயலான் இவளுக்கு என்ன முறை என்று அறிவதற்காக நள்ளிரவில் தனியே வந்தான். வாள் வீழ்ந்தது.

இருவருமே பொய்யான காட்சி ஒன்றைக் கண்டு, அதிலிருந்து பிழையற்ற முடிவுக்கு வந்தவர்கள். காஞ்சனன் கண்டது தன் மனைவியின் முகத்தையே. உதயகுமரன் ஐயுற்றதும் உண்மையே. அவர்கள்மேல் குற்றம் உண்டு. ஒருவன் மறுத்த பெண்ணை விடாது தொடர்ந்தான், மற்றவன் வினவாமல் கொன்றான். ஆயினும் அவ்விருவரையும் ஓர் இருட்டில் எதிரெதிரே நிறுத்தியது அந்த வேற்றுரு.

எல்லாம் ஊழ் என்று கூறி இதனை மறுப்போர் உண்டு. அவர்களுக்குக் காப்பியத்திலேயே சான்றும் இருக்கின்றது. முற்பிறப்பில் இராகுலனாய் இருந்தபோது, முனிவனுக்கு உணவாக்கிய மடையன் கால் தளர்ந்து வீழ்ந்து கலத்தைச் சிதைத்தான் என்று அவனை வாளால் வெட்டிய வினையே உதயகுமரனைத் தொடர்ந்து வந்தது என்று கந்திற்பாவை கூறுகின்றது. ஆனால் அதே கந்திற்பாவை காஞ்சனனை நோக்கி, இது பழவினையின் பயனே ஆயினும் நீ செய்த தீவினையும் உன்னை வந்து பற்றும் என்றும் கூறுகின்றது. ஊழ் நடந்ததை விளக்குகின்றது, நடத்தியவரை விடுவிக்கவில்லை. காஞ்சனனுக்குச் செல்லும் இந்த அளவுகோல் மணிமேகலைக்கும் செல்லும் அன்றோ? சாத்தனார் அதனைத் தம் வாயால் கூறவில்லை. அவளையே கூறவைக்கின்றார். வெட்டுண்டவன் அருகே நின்று அவள் அரற்றும்போது, உவவனத்தில் தன் நெஞ்சு அவன்பால் சென்றதையும், அவனுக்கு அறம் புகட்டவே வேற்றுரு கொண்டதையும், அதன் விளைவாக அவன் உயிர் இழந்ததையும் வரிசையாகக் கூறுகின்றாள். அது புலம்பல் மட்டும் அன்று, வாக்குமூலமும் ஆகும். அதன்பின் அவள் உடலைத் தழுவ நெருங்க, கந்திற்பாவை தடுத்துவிட்டது.

மணிமேகலையின் பிழை எது என்பதில் தெளிவு வேண்டும். காதல் பிழையன்று. அதனை அவள் மறைக்கவும் இல்லை, அதற்கு அடிமைப்படவும் இல்லை. மேனாட்டு விதி நூல்கள் அஞ்சும் பெரும்பிழையை அவள் செய்யவே இல்லை. துணை பெற்றுச் சென்ற ஒருத்தியின் முகத்தைத் தன் பாதுகாப்புக்காக அணிந்ததே அவள் பிழை. காயசண்டிகை தன் துன்பக் கதையைப் பசி தீர்ந்த நன்றியால் கூறினாள். தன் உருவை அவள் கடனாகக் கொடுக்கவில்லை. கொடுப்பவருக்கு நெருக்கடி வந்தபோது, பெற்றவரின் உருவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவே. உதவி பெற்றோரின் படத்தையும் கதையையும் நன்கொடைத் தாள்களில் அச்சிட்டு விரிக்கும் அமைப்புகள் இக்கதையைச் சற்று ஆழ்ந்து படிக்கலாம். அங்கும் நோக்கம் நல்லதே. அங்கும் ஒரு முகம் அதற்குரியவரின் கையைவிட்டுச் செல்கின்றது. அந்த முகத்தை அடையாளம் கண்டுகொள்ளும் கணவனோ மகனோ முதலாளியோ எங்கோ இருக்கின்றான் என்பது அச்சிடுவோர் நினைவுக்கு வருவதில்லை.

வேறென்ன செய்திருக்கலாம் என்று கேட்பது எளிது. வான்வழிச் செல்லும் மந்திரமும் அவளிடம் இருந்தது; ஊரைவிட்டே போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் பசித்தவர்கள். அவர்களை விட்டுப் போவது அவளால் ஆகாது. இந்த நெருக்கடியின் உண்மையை மறுத்தால் அவளுக்கு அநீதி இழைத்தவர் ஆவோம். ஆனால் உதயகுமரனுக்கு அறிவுரை கூறும் பொறுப்பை அவளே சுமந்திருக்க வேண்டியதில்லை. அதே புகாரில் அறவண அடிகள் இருந்தார். முதிர்ந்தவர், அவளுடைய வரலாறு முழுதும் அறிந்தவர். மாதவி இருந்தாள், சுதமதி இருந்தாள். உதயகுமரனைத் திருத்துவதற்குப் புகார் முழுவதிலும் தகுதி குறைந்த ஒருத்தி உண்டென்றால், அவன் யாரை விரும்பினானோ அவளே. தன் நெஞ்சும் அவன் பின்னே சென்றதை உணர்ந்தவள் வேறு. இன்றைய பணியாளர் இத்தகைய நிலையில் தம் மேலாளரிடம் கூறி, அப்பொறுப்பை வேறொருவர் கையில் ஒப்படைப்பர். அது கைவிடுதல் ஆகாது. மணிமேகலை எவரிடமும் கூறாமல் இரண்டு முறை அவனுக்கு அறம் உரைத்தாள். இரண்டாம் முறை வேறு முகத்தோடு உரைத்தாள். தனியே சுமப்பதுதான் தொண்டு என்னும் எண்ணம் தமிழருள் இன்னும் வலிமையாகவே இருக்கின்றது.

இதன்பின் வரும் இராசமாதேவியின் கதை வேறு வகையான எல்லை மீறலைக் காட்டுகின்றது. அதனை விளக்க அதிகம் தேவையில்லை. மகனை இழந்த அரசி, சிறைப்பட்ட மணிமேகலையைத் தன்பால் வைத்துப் பேணுவதாகக் கூறி விடுவித்துக் கொண்டாள். அடைக்கலம் கொடுத்த அக்கையே பித்தேற்றும் மருந்து ஊட்டியது. இளைஞன் ஒருவனை ஏவியது. நோய் என்று கூறிப் புழுக்கறையில் அடைத்தது. காப்பதும் வதைப்பதும் ஒருவர் கையில் சேர்ந்தால் கேட்பார் இல்லை. மலாயாத் தோட்டங்களில் பழைய கங்காணி முறையை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. ஊரிலிருந்து அழைத்து வந்தவரும், வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும், வேலை வாங்கியவரும், ஆள்தோறும் தலைக்காசு பெற்றவரும் ஒருவராகவே இருந்த அமைப்பு அது. நல்ல கங்காணிகள் இருந்தனர். அவர்கள் நல்லவராய் இருப்பதை மட்டுமே நம்பி வாழ வேண்டிய நிலைதான் கொடியது.

உ. வே. சாமிநாதையர் 1898-இல் இக்காப்பியத்தை அச்சிற் கொணர்ந்தது முதல் இதன் சமயக் கருத்தும் அளவை நெறியும் பசியறமும் பலரால் ஆராயப்பட்டுவிட்டன. வேற்றுருவைப் பற்றிய ஆராய்ச்சி அவ்வளவு நிகழவில்லை. வேற்றுரு காப்பிய மரபில் வரும் அற்புதங்களுள் ஒன்று என்று கருதிக் கடந்துவிடுவதே அதற்குக் காரணமாகலாம். ஆனால் சாத்தனார் அற்புதங்களை எண்ணிப் பார்த்தே கையாளுகின்றார். காயசண்டிகை வடிவுக்குப் பின்னும் மணிமேகலை வேற்றுருக் கொள்வதுண்டு. அரசி ஏவிய இளைஞன் வந்தபோது அவள் ஆண்வடிவு கொண்டாள். வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் ஓர் இளம்பெண்ணுக்குத் தம் கொள்கைகளை உரையார் என்பதால் மாதவன் ஒருவனின் வடிவு கொண்டாள். அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பலரையும் அவ்வடிவிலேயே வினவினாள். மந்திரம் முன்னதே. ஆனால் இவ்விரண்டு வடிவும் ஊரில் வாழ்ந்த எவருடையவும் அல்ல. அந்த ஆண்மகனுக்குப் பெயரில்லை, அந்த மாதவனுக்குக் குடும்பமில்லை. அவர்களைத் தேடி வஞ்சிக்கு எவரும் வரவில்லை. புகாரில் நிகழ்ந்ததற்குப் பின் பிறிதொருத்தியின் முகத்தை மணிமேகலை மறுபடியும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைச் சாத்தனார் எங்கும் எடுத்துரைக்காமலே பாடிச் சென்றிருக்கின்றார்.